ஜப்பானில் பாதுகாப்பாக நடக்கும் இரைப்பைப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை, ஐரோப்பாவில் அதிக உயிரிழப்பை ஏற்படுத்தியது ஏன்?

நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வில், இரைப்பையை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை மட்டும் நீக்கியபோது 4 விழுக்காட்டினரும், ஜப்பானிய முறைப்படி அருகிலுள்ள இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த கணுக்களையும் நீக்கிய ‘டி2’ அறுவையில் 10 விழுக்காட்டினரும் மருத்துவமனையிலேயே இறந்தனர். பிரிட்டன் ஆய்வில் டி2 இறப்பு 13 விழுக்காடு. ஆனால் ஜப்பானில் 1995இல் தொடங்கிய ஆய்வில் அது 0.8 விழுக்காடுதான்.

உடல்வாகு ஒரு காரணம்: ஐரோப்பிய நோயாளிகள் பொதுவாக வயதில் மூத்தவர்கள், வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்தவர்கள், இதய நோயும் உடையவர்கள். எனினும், இதைவிடக் கைப்பழக்கமே முக்கியம் என்பது என் கருத்து. நெதர்லாந்து ஆய்வில் நோயைக் குணப்படுத்தும் நோக்குடன் அறுவை செய்யப்பட்ட 711 பேர் 80 மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்தனர். ஜப்பானிய வல்லுநர் ஒருவர் நேரில் வந்து பயிற்சி அளித்தும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கிடைத்த அனுபவம் மிகச் சிறிதே. மேலும், அன்றைய டி2 முறையில் பலருக்கு மண்ணீரலும் கணையத்தின் வால்பகுதியும் சேர்த்து நீக்கப்பட்டதால், கணைய நீர்க்கசிவும் சீழ்க்கட்டியும் உயிரைப் பறித்தன.

அந்த உறுப்புகளை வழக்கமாக நீக்குவதைத் தவிர்த்து, தேர்ந்த மையங்களில் இத்தாலியர்கள் பின்னர் நடத்திய ஆய்வில் டி2 இறப்பு 2.2 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே, குறை கூடுதல் கணுக்களை நீக்குவதில் இருக்கவில்லை. அதே நெதர்லாந்து நோயாளிகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தோர் டி2 பிரிவில் 37 விழுக்காடு, மற்றப் பிரிவில் 48 விழுக்காடு.