விசைப்பலகை வெளிச்சம் ஏன் அணைகிறது?

கேள்வி: என்னுடைய டெல் லப்டொப்பில், கரண்ட் நின்றால் விசைப்பலகை வெளிச்சம் உடனே உடனே அணைந்துவிடுகிறது. பழுதா?
வாசகி, கோண்டாவில்

பதில்: பழுதில்லை. பற்றரியில் ஓடும்போது, 10 விநாடி எதையும் தட்டாமல் விட்டால் அணையும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். விண்டோஸில் தேடி மினக்கெடாதீர்கள். இது பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. லப்டொப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போடும்போது, டெல் சின்னம் தெரிந்ததும் எஃப்2 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். 'கீபோட் பாக்லைற் டைம்அவுட் ஒன் பற்றரி' என்ற வரியில் 1 நிமிடத்தைத் தெரிவுசெய்து, சேமித்து வெளியேறுங்கள். ஏசிக்கு, அதாவது கரண்டில் ஓடும்போதுக்கு, வேறு வரி உண்டு. பலர் அதை மாற்றிவிட்டுத்தான் குழம்புகிறார்கள். 'நெவர்' (ஒருபோதும் அணையாது) வேண்டாம், மின்தடை நேரத்தில் பற்றரி வீணாகும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விளக்குக் குறியுள்ள விசை, பல மொடல்களில் எஃப்5. அசையாவிட்டால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.