பாலம் தாண்டிப் போயிருக்க வேண்டுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். என் நண்பன் பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறவன். வீட்டில் அவன், அவன் அம்மா, அக்கா மூன்று பேர்தான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி காற்றும் மழையும் பலமாக அடித்தது. "இங்கே கரண்ட் போயிருச்சுடா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் கட்டாகிவிட்டது. பைக்கை எடுத்தேன். என் அம்மா சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம்தான் போக முடிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான், "நேத்தே வந்திருக்கலாம்ல தம்பி" என்றார். இன்னும் உறுத்துகிறது. நான் போயிருக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம், இராமநாதபுரம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா செய்ததுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாம்பனுக்குச் சாலை வழி ஒன்றுதான். 1988-ல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல்மேலேயே போகிறது. சாதாரண நாளிலேயே அங்கே காற்று பைக்கைத் தள்ளும். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும். ரயிலே நிற்கிற காற்றில் நீங்கள் ராத்திரி பைக்கில் போயிருந்தால், உங்கள் நண்பனுக்கு இருட்டோடு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். அந்த நேரத்தில் உங்களை அவன் எதிர்பார்த்திருக்கவே மாட்டான்.

ஆனால் மறுநாள் சாயங்காலம் போனீர்களே, அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், கரண்ட் அப்படித் திரும்பி வராது. கடலோரத்தில் உப்புக்காற்று மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்து கிடக்கும். ஈரம் பட்டால் அது வழியாகவே மின்சாரம் கசியும். மணல் தரையில் நட்ட கம்பம் சாய்ந்திருக்கும், பனை மட்டை கம்பிமேல் விழுந்து கிடக்கும். எங்காவது அறுந்த கம்பி தண்ணீரில் கிடந்தால் உயிர் போய்விடும் என்பதால், லைனை நடந்து பார்த்துவிட்டுத்தான் சப்ளை கொடுப்பார்கள். தாமதம் என்று கோபப்படுகிறோம். அந்த ஊழியர்கள் நனைந்துகொண்டே கம்பம் கம்பமாக ஏறிப் பார்ப்பதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

போன் கிடைக்காமல் போனதும் இதனால்தான். செல்போன் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். சாலையில் தண்ணீர் நின்றால் டீசல் எப்படிப் போகும்? ஆகவே அடுத்த முறை போன் எடுக்கவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதீர்கள். தண்ணீர் கஷ்டத்தை வேண்டுமானால் நினையுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரும் மோட்டார் ஓடினால்தான் வரும். இரண்டாம் நாள் குடம் காலியாகும். ஐஸ் உருகி, பெட்டியில் இருக்கிற மீன் கெட ஆரம்பிக்கும். வெயில் இல்லாததால் கருவாடாகவும் போட முடியாது. உங்கள் நண்பன் பேசாமல் இருந்தது கோபத்தாலா, அல்லது மீனையும் கரையில் கிடந்த படகையும் நினைத்தா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

அக்கா சொன்னதற்கு வருகிறேன். வேற்று ஆளிடம் அப்படிக் கேட்க மாட்டார்கள். "ஏன் வரல" என்று கேட்கிற உரிமையை அவர் உங்களிடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். கூடப் பிறந்த தம்பியிடம் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார். அதைக் குற்றச்சாட்டாகச் சுமக்க வேண்டாம்.

போக வேண்டிய நேரம் காற்றுக்கு முந்தின நாள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கே, பகலிலேயே கிளம்பிவிடுங்கள். "எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அம்மாவும் அக்காவும் வரலாம். அவன் வர மாட்டான். படகை விட்டுவிட்டு எந்த மீனவனும் வர மாட்டான். வாடைக் காற்றில் வடகடல் பக்கம் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். அதனால் கரைக்கு இழுத்துப் போடவும் கயிறு இறுக்கவும் ஆள் வேண்டும். அங்கே ஒரு கை கொடுத்துவிட்டு, குடம், டிரம் எல்லாம் நிரப்பி வைத்து, அம்மாவின் மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பாலம் தாண்டி வந்துவிடுங்கள்.

கூண்டை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது புயலே இல்லை. அந்த மாதிரி நாளில் முன்கூட்டிப் போக வழியில்லை, மழை விட்டு மறுநாள்தான் போக முடியும். போகும்போது குடிதண்ணீர் கேன், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், டார்ச், கொசுவத்தி, நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்கு இட்லி எடுத்துப் போங்கள். "என்ன வேணும்" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் கொண்டுபோங்கள். கடையை ஒரு நாள் பூட்டினாலும் பரவாயில்லை, அன்றைக்கு ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள். இரண்டாம் ராத்திரிதான் வீட்டில் மெழுகுவத்தியும் தீரும், பொறுமையும் தீரும்.

இந்த ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், படகு இழுக்க யார் யார் வருவார்கள் என்று அவனோடு பேசி வைத்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அக்காவுக்கும் அவருக்கும் பேச நிறைய இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்