மூளையை இளமையாக வைத்திருப்பது என்றால் என்ன?

மூளைக்கு வயதாவதை நிறுத்த முடியாது. ஆனால் நினைவும் கற்கும் திறனும் நெடுநாள் மங்காமல் காக்கலாம்; அதைத்தான் இளமை என்கிறோம்.

புதிதாக ஒன்றைக் கற்கும்போது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுகின்றன. தங்கசாலைத் தெரு நெரிசலில் அடைபட்டால், சௌகார்பேட்டைச் சந்துகளை அறிந்த ரிக்‌ஷாக்காரர் வேறு வழியாகப் போய்விடுவார். ஒரே தெருவைத் தெரிந்தவர் நின்றுவிடுவார். மூளையிலும் அப்படித்தான். ஒரு பாதை தளர்ந்தாலும் மாற்றுப் பாதைகள் கைகொடுக்கும்.

காசிமேட்டில் விடியற்காலையில் சிலம்பம் கற்கும் அறுபது வயது அம்மா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். காலடி வரிசையை வாய்க்குள் எண்ணிக்கொண்டே கம்பைச் சுழற்றுவார். தவறினால் நின்று, மூச்சை மெல்ல விட்டு, முதல் அடியிலிருந்து தொடங்குவார். மனம், உடல், மூச்சு மூன்றும் ஒன்றாக உழைக்கும் இத்தகைய பயிற்சியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். மெதுவான மூச்சு பதற்றத்தைத் தணிக்கும். நீடித்த மன அழுத்தம் நினைவாற்றலைக் கெடுக்கும் என்பதால் அதுவும் முக்கியம்.

தினமும் குறுக்கெழுத்துப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கைப்பழக்கமாகிவிட்ட புதிர் மூளைக்குப் பெரிதாக வேலை தருவதில்லை, சற்றே திணறவைக்கும் புதிய ஒன்று வேண்டும்.