பிள்ளைகளின் பல் கறைக்கு எந்தக் கிணறு காரணம்?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே எங்கள் கிராமம். பள்ளிப் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. ஊராட்சியில் கேட்டால், "தண்ணீரைச் சோதித்தாயிற்று, ஃபுளோரைடு 1.2 தான், பயப்பட வேண்டாம்" என்கிறார்கள். நாங்களே தகவல் திரட்டிக் காட்ட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். குடிநீரில் ஃபுளோரைடு என்னும் தாது அதிகமானால், வளரும் பல்லில் இப்படிக் கறை விழும். அந்த 1.2 எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் எடுத்த அளவு என்று முதலில் கேளுங்கள். ஊர் முழுமைக்கும் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. உங்கள் பகுதியில் ஃபுளோரைடு பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. வெடிப்புகளில் நீர் எவ்வளவு காலம் தேங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். அடுத்தடுத்த தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று குடிக்க உகந்ததாகவும் மற்றது ஆகாததாகவும் இருக்கலாம். தவிர, ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோதுதான் 1.5 வரை அனுமதி. வேறு நல்ல கிணறு இருக்கிறதா என்று தேடாமல் 1.2-ஐச் சரி என்று சொல்லக் கூடாது.

ஒரு நோட்டில் ஊர்ப் படம் வரைந்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் அடிபம்புக்கும் எண் கொடுங்கள். ஆழம், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது, எந்த மேல்நிலைத் தொட்டியில் ஏறுகிறது ஆகியவற்றைக் குறியுங்கள். தொட்டி இயக்குபவருக்கு இதெல்லாம் அத்துப்படி. அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மும்முறை அலசிப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஜல் ஜீவன் திட்டக் களச் சோதனைப் பெட்டியில் நீரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கிணறுகளைச் சலித்தெடுக்க அது போதும். ஆனால் 1-க்கும் 1.5-க்கும் இடையில் கண்ணை நம்ப முடியாது. அந்த மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுப்பது அவசியம்.

பிள்ளைகளின் பற்களைக் கணக்கெடுக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். நிலைத்த முன்பற்களின் எனாமல் குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில், ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கறை, அது தவழ்ந்து நடந்த காலத்தில் குடித்த நீரைத்தான் காட்டும். ஆகவே இன்றைய குழாயைக் கேட்பதோடு நிறுத்தாமல், "ஐந்து வயது வரை எந்தத் தண்ணீர்? சோறு எதில் வடித்தீர்கள்?" என்று தாயிடம் கேளுங்கள். தாய்வீட்டில் வளர்ந்த பிள்ளையின் பல்லுக்கு உங்கள் ஊர்க் கிணற்றின் மேல் பழி போடக் கூடாது. வெண்சுண்ணம் பூசியது போன்ற குறுக்குக் கோடுகள்தான் தொடக்க அடையாளம். பழுப்பு பிறகு ஏறுகிறது. பல் மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதி செய்யட்டும். பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் போடாதீர்கள். வயதும் தெருவும் போதும். கறைப் பல்லோடு சிரிக்கக் கூசும் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குவது பெரும் பாவம்.

இரண்டு விவரங்களையும் ஒரே படத்தில் குறித்தால் எந்தக் கிணறு என்று தெரிந்துவிடும். வங்கதேசத்தில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தபோது லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்து ஒதுங்க முடிந்தது. நீங்களும் அதைச் செய்யலாம்.

படத்தையும் ஆய்வக அறிக்கையையும் கிராம சபையில் எழுத்துமூலம் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கோரிக்கை குறிப்பாக இருக்கட்டும்: நல்ல கிணற்றின் நீர் குடிக்கவும் சமைக்கவும், ஆகாத கிணற்றின் நீர் துவைக்கவும் கழுவவும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால், அதோடு ஆழ்துளை நீரைத் தொட்டியில் கலக்கிறார்களா என்று விசாரியுங்கள். கலந்தால், தெருக்குழாயின் கடைசி முனையில் பிடித்துச் சோதியுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும் என்பதையும் அதே கூட்டத்தில் தாய்மார்களிடம் சொல்லிவிடுங்கள்.