கேளுங்கள், சொல்கிறோம்: கூட்ஸ் ஷெட் கணக்கு

கே: ஒயிட்ஃபீல்டு கூட்ஸ் டெர்மினலில் சிமென்ட் ரேக் (ஒரு முழு சரக்கு ரயில்) எடுத்தோம். 42 வேகனில் 36-ஐ நேரத்துக்குள் காலி செய்தோம். ஆனால் 42-க்கும் டெமரேஜ் (வேகனைத் தாமதமாக விடுவதற்கான கட்டணம்) போட்டிருக்கிறார்கள். நியாயமா?
- சிமென்ட் வியாபாரி, ஸ்ரீராம்புரம், பெங்களூரு

ப: விதி அப்படித்தான். ஒரு வேகன் பாக்கி இருந்தாலும் முழு ரேக்கும் நிற்பதாகவே கணக்கு. வேகனுக்கு மணிக்கு 150 ரூபாய் அடிப்படை விகிதம். 42 வேகனுக்கு 6,300. பத்து நிமிடம் தாண்டினாலும் ஒரு மணி நேரம்தான்.

வேகனுக்குச் சுமார் 63 டன் என்றால் 50 கிலோ மூட்டை 1,260. மொத்தம் 53,000 மூட்டை. டெமரேஜ் இல்லாமல் இறக்க 9 மணி நேரம். ஆறு பேர் கொண்ட 21 செட் (கூலியாள் குழு), செட்டுக்கு இரண்டு வேகன் எடுத்தால், தலைக்கு 420 மூட்டை, அதாவது 21 டன். காகிதத்தில் சரியாக வரும், முதுகு ஒத்துக்கொள்ளாது. ஆளைக் கூட்டுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது லாரியில். வேகனிலிருந்து நேராக லாரிக்கு ஏற்றினால், லாரி வராத நேரமெல்லாம் செட் சும்மா நிற்கும். 16 டன் லாரியானால் 165 நடை! எனவே பிளேட்பார்மில் இறக்கி அடுக்கி, ரேக்கை முதலில் விடுவியுங்கள். அதன்பின் ஓடுவது வார்ஃபேஜ், அதாவது சரக்கு கிடக்கும் இடத்துக்கான கட்டணம். அதற்குத் தனியாக இலவச நேரம் உண்டு.

தள்ளுபடி கேட்பதானால் 10 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். காரணம் உங்கள் கைமீறியதாக இருக்க வேண்டும். மழை என்றால் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது விட்டது என்று அன்றைக்கே ஷெட் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

கே: சொந்த சைடிங் (சரக்கு ஏற்றி இறக்கும் கிளைத் தண்டவாளம்) போடப் போகிறோம். பிளேட்பார்மை வேகன் தரைக்குச் சமமாக உயர்த்தலாமா?
- பீன்யா வாசகர்

ப: கூடாது. தண்டவாள மட்டத்திலிருந்து 1,065 மில்லிமீட்டர்தான் உச்சம். சரக்கேறினால் ஸ்பிரிங் அமுங்கி வேகன் இறங்கும், காலியானால் ஏறும். சமம் என்பதே நிலைக்காது. இடைவெளிக்கு இரும்புத் தகடு போதும். அதைவிடப் பாதையின் சரிவைக் கவனியுங்கள்: 400 மீட்டருக்கு 1 மீட்டர் தாண்டவே கூடாது, 1,200-க்கு 1 இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காத வேகன் தானாக உருளும்.

கே: பிளேட்பார்மில் இருந்த அடிவரிசை மூட்டைகள் இறுகிவிட்டன. வீணா?
- விவேக்நகர் வாசகர்

ப: மூட்டையைத் தரையில் இரண்டு புரட்டு புரட்டுங்கள். உதிர்ந்தால் பாரத்தால் இறுகியது, பயன்படுத்தலாம். கல்போல நின்றால் ஈரம் ஏறிவிட்டது, ஒதுக்குங்கள். இனி 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் பலகை போட்டு, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காதீர்கள்.