ஆளில்லாக் கப்பல் வடிவமைப்பு: கேட்டதும் சொன்னதும்

பினாங்கில் உட்கார்ந்து, ஆளில்லாமல் ஓடும் சிறு கலங்களை வடிவமைப்பது என் வேலை. கடலடி ஆழம் அளக்கும் 6, 8 மீட்டர் படகுகள்தான் பெரும்பாலும். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, மகன் இந்த வருசம் ஐந்தாம் படிவத் தேர்வு, எஸ்.பி.எம். எழுதுகிறான். இந்தத் துறைக்கு எங்கே படிக்கலாம்? (பட்டர்வொர்த், ஓர் அம்மா)

அக்கா, கூடுதல் கணிதமும் இயற்பியலும் நன்றாக வரட்டும், அது போதும். ஸ்கூடாயில் யு.டி.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது, லுமூட்டில் கப்பல் தொழில்நுட்பம் கற்றுத்தரும் யூனிகே.எல். மிமெட் இருக்கிறது. இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கப்பல் தானாக ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் வேலைதானே? உங்களுக்கு அதில் என்ன வேலை?

எல்லாரும் கேட்பது இதுதான். படகில் ஆள் இருந்தபோது சத்தமில்லாமல் எத்தனை வேலை பார்த்தார் என்பது அவரை இறக்கிவிட்ட பிறகுதான் தெரியும். உதாரணத்துக்கு, என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் துவாரம். பினாங்குக் கால்வாயில் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் பை அதை அடைத்துக்கொண்டால், ஆள் உள்ள படகில் என்ஜின் சத்தம் மாறுவதைக் கேட்டே ஓட்டுநர் நிறுத்துவார். வடிகட்டியைத் திறந்து பையை உருவி எறிவார். பத்து நிமிட வேலை.

ஆளில்லாத படகில் யார் உருவுவது? அதனால் துவாரத்தையே எடுத்துவிடப் பார்ப்போம். குளிர்விக்கும் குழாய்களை அடிப்பாகத்துக்கு வெளியே பதித்தால் கடல்நீர் உள்ளே வரவே தேவையில்லை. ஆனால் அந்தக் குழாயில் சிப்பி ஒட்டும், நம் வெதுவெதுப்பான கடலில் சீக்கிரமே ஒட்டும். சூடு வெளியேறுவது குறையும், இழுவையும் கூடும். சரி, குழாயைப் பெரிதாக்கலாம் என்றால் எடை கூடும். இந்த இழுபறிதான் என் வேலை. வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் அப்புறம்தான்.

சுமத்ரா காற்று அடித்தால் கவிழ்ந்துவிடாதா?

நியாயமான பயம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன் திடீரென்று வரும் அந்தக் காற்றை மலாக்கா நீரிணையில் வேலை செய்யும் யாரும் அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் ஆள் தங்கும் அறை, ஜன்னல் எதுவும் வேண்டியதில்லை என்பதால் காற்று பிடிக்கும் பரப்பு குறைவு. பேட்டரியைக் கீழே வைத்து, மேல்தளத்தை நீர் புகாமல் மூடிவிட்டால், தலைகீழானாலும் தானே நிமிரும் படகு சாத்தியம்.

அதற்காக எடையை எவ்வளவு கீழே கொண்டுபோனாலும் நல்லது என்று நினைக்காதீர்கள். அளவு மீறினால் படகு விறைத்துப்போய், சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். கம்பத்தின் உச்சியில் இருக்கும் கேமராவும் ரேடாரும் அந்த உதறலை வாங்கும். கவிழாத படகு, ஆனால் கண் தெரியாத படகு!

எங்கள் மீன்பிடிப் படகுகளை அது பார்க்குமா? (தெலுக் கும்பார்)

இதுதான் எனக்கும் கவலை. கப்பல் தன் பெயரையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி, சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் கட்டாயம். உங்கள் படகில் இருக்காது. மரமும் ஃபைபரும் ரேடாரில் மங்கலாகத்தான் தெரியும். வலை தெரியவே தெரியாது. ஆகவே கேமரா, வெப்பக் கேமரா, ரேடார் மூன்றையும் சேர்த்துத்தான் நம்புகிறோம். 1972-ன் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனிக்கச் சொல்கிறது. அதனால் ஊதுகுழல் சத்தத்தைக் கேட்க மைக்கும் பொருத்துகிறோம். கரையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்காமல் உங்கள் வலைகளுக்கு நடுவே படகை விட நான் சம்மதிக்க மாட்டேன்.

2023-ல் பினாங்குக்கு வந்த புது ஃபெரிகளும் ஒருநாள் ஆளில்லாமல் ஓடுமா?

கரை சேர்வதற்குத் தானியங்கி உதவி வரலாம். ஆளே இல்லாமல் என்றால், என் கணிப்பில் இப்போதைக்கு இல்லை. தீப்பிடித்தால் பயணிகளுக்கு உயிர்காப்பு உடை மாட்டிவிட யார் இருப்பார்கள்? நார்வேயின் யாரா பிர்க்லாண்ட், ஆளில்லாமல் ஓடுவதற்கென்றே திட்டமிட்டது, 80 மீட்டர் நீளம், 120 கொள்கலன் ஏற்றும் மின்கப்பல். 2022-ல் வணிக ஓட்டம் தொடங்கியபோது அதிலேயே ஆட்கள் இருந்தார்கள். இத்தனைக்கும் அது சரக்குக் கப்பல். சர்வதேசக் கடல்சார் அமைப்பும் தானாக ஓடும் சரக்குக் கப்பல்களுக்கான கட்டாய விதிகளை 2032-ல் நடைமுறைக்குக் கொண்டுவருவதையே இலக்காக வைத்திருக்கிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் நான். உள்ளே வர வழி உண்டா?

உண்டு தம்பி, உங்களைப் போன்றவர்கள் குறைவு. நீர் புகாமல் மூடிய பெட்டிக்குள் கணினி, வெளியே நம் மத்தியான வெயில், விசிறிக்காகத் துவாரம் போட முடியாது. அந்தச் சூட்டை அலுமினிய அடிப்பாகம் வழியாகக் கடலுக்கு எப்படி இறக்குவீர்கள்? ஒரு தாளில் படம் வரைந்து அனுப்புங்கள், பேசுவோம்.