ஃபுட்பால் கேம்ல ஃபவுல், பெனால்டி: கேளுங்க, சொல்றேன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஸ்கூல் மேட்ச்களுக்கு விசில் ஊதுறேன். ராத்திரியில நானும் கன்ட்ரோலர் பிடிக்கிற ஆள்தான். ஃபிஃபா, அதாவது இப்போ இஏ எஃப்சி-ங்கிற ஃபுட்பால் வீடியோ கேமை ஆடுறவங்க கேட்டதுக்குப் பதில் இங்கே.

பாலக்கோடு: அண்ணா, கம்ப்யூட்டர் டீம்கூட ஆடினா எனக்குப் பெனால்டியே கிடைக்க மாட்டேங்குது. ஏன்?

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. நிஜ மேட்ச்ல 90 நிமிஷத்துல ரெண்டு டீமும் சேர்ந்து 20 ஃபவுல் பண்றது சாதாரணம். நீங்க 6 நிமிஷ ஹாஃப் வச்சா மொத்தமே 12 நிமிஷம். அதுல 20 தடவை விசில் அடிச்சா, பந்து உருள ஆரம்பிக்கிறதுக்குள்ள அடுத்த ஃப்ரீ கிக் வந்துடும். அப்படி ஒரு கேமை யார் காசு கொடுத்து வாங்குவாங்க? அதான் கம்ப்யூட்டர் டிஃபெண்டர் பாக்ஸுக்குள்ள (கோலுக்கு முன்னாடி இருக்கிற பெனால்டி கட்டம்) சும்மா காலை நீட்ட மாட்டான். முன்னாடி நின்னு வழியை மறைப்பான், ஷாட் அடிச்சா உடம்பைக் கொடுத்துத் தடுப்பான்.

ஹாஃபை 10 நிமிஷம் ஆக்குங்க. பாக்ஸுக்குள்ள ஸ்பிரிண்ட் பட்டனை விட்டுட்டு, பந்தைக் காலடியிலேயே வச்சுத் திசை மாத்துங்க. அவன் கால் வைக்கிற நேரத்துல பந்து அங்க இருக்கக் கூடாது, உங்க ஆளோட கால்தான் இருக்கணும். பெனால்டி வர்றது அப்போதான்.

காவேரிப்பட்டணம்: கையில பட்டது நல்லாவே தெரியுது, ரெஃப்ரி கண்டுக்கவே இல்லை.

செட்டிங்ஸ்ல ஹேண்ட்பால் ஆஃப்ல இருக்கும், பாருங்க. ஆன் பண்ணலாம், பெனால்டிக்கு மட்டும் விலக்கு வச்சும் ஆன் பண்ணலாம். ஆஃப்ல வச்சதுல நியாயம் இருக்கு. கை எங்க போகணும்னு முடிவு பண்றது அனிமேஷன், நீங்க இல்லை. 2010 உலகக் கோப்பை கால் இறுதியில உருகுவே வீரர் சுவாரெஸ் கோல் கோட்டுல நின்னு கையால தடுத்து ரெட் கார்டு வாங்கினார், கானாவோட ஜியான் அந்தப் பெனால்டியைக் கிராஸ்பார்ல அடிச்சார். அந்தத் திருட்டுத்தனத்துக்குக் கேம்ல பட்டன் கிடையாது.

அரூர்: கடைசி டிஃபெண்டரா பாக்ஸுக்குள்ள சறுக்கி ஸ்லைடு டேக்கிள் போட்டேன். பெனால்டி சரி, ஆனா மஞ்சள் கார்டுதான் வந்துச்சு. கேம்ல ஏதும் கோளாறா?

இல்லை, கேம்தான் சரி. 2016ல சட்டத்தை மாத்திட்டாங்க. பந்தை எடுக்கப் போய்த் தவறியிருந்தா, பாக்ஸுக்குள்ள பெனால்டியும் மஞ்சளும் போதும். சட்டையைப் பிடிச்சு இழுத்தா ரெட்தான். பாக்ஸுக்கு வெளிய நடந்தாலும் பழையபடி ரெட்.

ஓசூர்: அடிதடி ஃபுட்பால் கேம் ஏதாவது இருக்கா ப்ரோ?

மிட்வே கம்பெனி 2002ல 'ரெட்கார்டு'னு ஒண்ணு விட்டாங்க, அதுல அடிக்கிறதுதான் ஆட்டமே. மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ்ல ஃபவுலே கிடையாது. 1993ல வந்த முதல் ஃபிஃபாவுல கார்டு காட்ட வர்ற ரெஃப்ரிக்குப் பிடி கொடுக்காம கிரவுண்டைச் சுத்தி ஓடலாம். விசில் ஊதுறவனா எனக்கு அது வயித்தெரிச்சல்.

ஆனா கேம் எதுவும் நிஜத்தை மிஞ்சலை. 2006 உலகக் கோப்பையில போர்ச்சுகல் - நெதர்லாந்து மேட்ச்ல மட்டும் 16 மஞ்சள், 4 சிவப்பு.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா: பையன் தினமும் முட்டி தேஞ்சு வர்றான் சார். இந்த கேமைப் பார்த்துதான் கெட்டுப் போறானா?

கெட்டுப் போகலைங்க. ஸ்லைடு டேக்கிள் ஆசை வந்திருக்கு, அவ்வளவுதான். திரையில ஈரப் புல்லு, சறுக்கினவன் உடனே எழுந்து ஓடுறான். நம்ம ஊர் கிரவுண்ட்ல செம்மண்ணும் பொடிக்கல்லும். சறுக்கினா முழங்கால்ல இருந்து தொடை வரைக்கும் தோல் கழண்டு, கல்லு உள்ள போய் உக்காந்துக்கும். முதல்ல தண்ணி ஊத்தி அந்தக் கல்லை எல்லாம் நல்லா கழுவி விடுங்க. நின்னுக்கிட்டே பந்தைப் பறிக்கப் பழகச் சொல்லுங்க, நல்ல டிஃபெண்டர் படுக்கிறது அபூர்வம்.

பென்னாகரம்: நான் அடிக்கிற பெனால்டி எல்லாம் மேலேயே போகுது அண்ணா.

ஃபிஃபா 23ல இருந்து பந்தைச் சுத்தி ஒரு வளையம் துடிக்கும். அது சுருங்கி ரொம்பச் சின்னதா ஆகும்போது ஷாட் பட்டனை அழுத்துங்க. பவர் பாரை நிரப்பாதீங்க.